அனுபவம் கேட்கும் சர்வர் அறை

2017 ஜூன் 27. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் திரைகள் ஒவ்வொன்றாக இருண்டன. நாட்பெட்யா என்ற நாசகார நிரல் உள்ளே புகுந்துவிட்டது. உலகக் கன்டெய்னர் சரக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அன்று சுமந்த நிறுவனம் அது. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று சொல்ல ஆளில்லாமல் துறைமுக வாசல்களில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. யார் உள்ளே நுழையலாம், யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க உரிமை என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் அந்த நிறுவனத்துக்கு 150 வரை இருந்தன. ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும் என்று கணக்குப் போட்டு அமைத்தவை. எல்லாம் ஒரே சமயத்தில் அழியும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

ஒன்று மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த சர்வர் அது. நிரல் பரவிய நேரத்தில் அந்த ஊரில் கரண்ட் இல்லை.

அந்த ஒற்றை சர்வரின் தரவை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வேண்டும். இணையம் வழியாக அனுப்ப நாள்கணக்காகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் ஒப்படைக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுசென்றார். அதன்பின் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவி முடித்தார்கள். செய்தவர்கள் சிஸ்டம் அட்மின்கள். கப்பல் மாலுமிகளின் பெயர் வரலாற்றில் வரும். இவர்களின் பெயர் எங்கும் வரவில்லை.

இந்தக் கதை குமரிக் கடலோர ஊரான மண்டைக்காட்டில் உள்ளவருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும். அதே 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்கள் ஊமையாயின. கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் கேட்கவும் வழியில்லாமல் கரையில் நின்ற வீடுகள் மண்டைக்காடு புதூரிலும் குளச்சலிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்பாடுகள் நின்றுபோனால் வாழ்க்கை எப்படி நின்றுபோகும் என்று இந்தக் கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மாசிக் கொடைக்கு மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தால் ஊரை அறிந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தின் இன்னொரு கூட்டம் தெரியாது. காலையில் இரணியல் ஸ்டேஷனில் நின்றால் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் லேப்டாப் பை, திருவனந்தபுரம் பக்கம் போகும் ரயிலுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். 1990இல் நிறுவப்பட்ட, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் இருக்கிறது. கழக்கூட்டத்துக்கு ரயில் நிலையமும் உண்டு. சென்னை ஓர் இரவுப் பயணம். டெக்னோபார்க்கோ சீசன் டிக்கெட் எடுத்துப் போய்வரும் தூரம். குமரி மாவட்டத்து இளைஞனுக்கு இது ஒரு பெரிய அனுகூலம். ஆனால் அந்த ரயிலில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

"எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்?"

சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் அட்மின், லினக்ஸ் அட்மின் என்று வரும் விளம்பரங்களில் இரண்டு, மூன்று ஆண்டு அனுபவம் கேட்பது வழக்கமாகிவிட்டது. வேலை கிடைத்தால்தானே அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் எங்கே போவது? படித்து முடித்த பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் புலம்பல் இது. வீட்டிலிருந்து வேறொரு குரலும் சேர்ந்துகொள்ளும். "ஏல மக்கா, இஞ்சினியரிங் படிச்சிட்டு ஒயரு மாட்டவா போற?"

ஏன் அனுபவம் கேட்கிறார்கள்?

நிறுவனங்கள் பிடிவாதமாக அனுபவம் கேட்பதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. புரோகிராம் எழுதுபவர் செய்யும் பிழை பெரும்பாலும் சோதனைக் கட்டத்தில் பிடிபடும். சிஸ்டம் அட்மின் செய்யும் பிழை அந்த நொடியே ஆயிரம் பேரின் வேலையை நிறுத்தும். சர்வரின் எல்லாக் கதவுகளையும் திறக்கும் 'ரூட்' அதிகாரத்தை ஒரு புதியவர் கையில் கொடுக்க யாரும் யோசிப்பார்கள்.

அனுபவம் உள்ளவர் கையில் கொடுத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது சாட்சி. உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் அது. நீண்ட நேரம் பணியில் இருந்த ஒரு பொறியாளர், பிரதி டேட்டாபேஸ் இருக்கும் சர்வர் என்று நினைத்து, அசல் டேட்டாபேஸ் இருந்த சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். சரி, பேக்அப் இருக்கிறதே என்று போனால் அங்கே இன்னும் பெரிய அதிர்ச்சி. தினமும் பேக்அப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் பேக்அப் எடுக்கப்படவே இல்லை. சேமிப்பிடம் காலியாக இருந்தது. பேக்அப் தோற்றால் எச்சரிக்கும் மின்னஞ்சல்களோ வந்து சேராமலே திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. இருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் தற்செயலாகக் கையால் எடுத்துவைத்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது.

கிட்லேப் அதை மறைக்கவில்லை. மீட்புப் பணியை இணையத்தில் நேரலையாகக் காட்டியது; என்னென்ன தவறியது என்று வரிக்கு வரி எழுதி வெளியிட்டது. அந்தப் பொறியாளர் வேலையை இழக்கவும் இல்லை. இந்தத் துறைக்கு வர நினைக்கும் எவரும் படிக்க வேண்டிய முதல் பாடம் அந்த அறிக்கை என்று தயங்காமல் சொல்லலாம். நிறுவனங்கள் 'அனுபவம்' என்று எதைக் கேட்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரியும். பழுதைப் பார்த்திருக்கிறாயா, பதறாமல் மீட்டிருக்கிறாயா, மீட்டதை எழுதிவைத்தாயா என்பதுதான் கேள்வி. இந்த மூன்றுக்கும் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

வீட்டில் ஒரு சர்வர் அறை

அந்த அனுபவத்துக்கு வேண்டிய பெட்டி பல வீடுகளுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளமும் வந்தது. சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தது. உலகின் சர்வர்களில் பெரும்பகுதி ஓடுவது லினக்ஸில். அந்த லினக்ஸ் லட்சக்கணக்கான தமிழகக் குடும்பங்களுக்குள் காசில்லாமல் வந்து சேர்ந்தது. பல வீடுகளில் அது படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பயன்பட்டு, பிறகு பரணுக்குப் போய்விட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெட்டிக்குள் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த லேப்டாப்பை இன்றும் பரணிலிருந்து இறக்கலாம். 4 ஜிபி ரேம் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள் திரை அலங்காரம் ஏதுமில்லாத டெபியன் சர்வர் ஒன்றை ஓட்டலாம். 8 ஜிபி இருந்தால் இரண்டு மூன்று சர்வர்கள் ஓடும். ஒன்றில் இணையதளம், இன்னொன்றில் டேட்டாபேஸ் என்று பிரித்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய்வரப் பழகலாம். பயனர்களை உருவாக்கி, யாருக்கு எந்தக் கோப்பில் என்ன உரிமை என்று வரையறுக்கலாம். இரவு இரண்டு மணிக்குத் தானாகவே பேக்அப் எடுக்கும்படி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எழுதிவைக்கலாம். விண்டோஸ் பக்கம் போக விரும்புவோருக்கு விண்டோஸ் சர்வரை மைக்ரோசாஃப்ட் 180 நாள் சோதனைக்கு இலவசமாகவே தருகிறது. அலுவலகங்களில் அதிகம் கேட்கப்படும் ஆக்டிவ் டைரக்டரியை அதிலேயே அமைத்துப் பார்க்கலாம்.

நிறுவுவது சுலபம், யூடியூப் பார்த்து யாரும் செய்துவிடுவார்கள். அடுத்த கட்டம்தான் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். டேட்டாபேஸை அழித்துவிட்டு, எடுத்துவைத்த பேக்அப்பிலிருந்து மீட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கிட்லேப் செய்யத் தவறிய சோதனை அது. டிஸ்க்கை நிரப்பிவிட்டு என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். பெரிய லாக் ஃபைலை அழித்த பிறகும் இடம் காலியாகவில்லையே, ஏன்? ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நிரல் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அதை நிறுத்தினால்தான் இடம் விடுபடும். டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது, ஆனாலும் 'இடமில்லை' என்று சர்வர் மறுக்கிறது, அது ஏன்? லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்து, ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடு எண்ணிக்கை தீர்ந்துபோயிருக்கும். இந்த இரண்டும் நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்படும் பழைய கேள்விகள். மனப்பாடம் செய்து பதில் சொன்னவரையும் கையால் செய்து பார்த்தவரையும் அடுத்த கேள்வியிலேயே பிரித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பக்கம் எழுதிவைக்க வேண்டும். என்ன நடந்தது, முதலில் எதைச் சந்தேகித்தோம், எந்த லாகில் எந்த வரி வழிகாட்டியது, எப்படிச் சரியானது. தமிழில் எழுதினாலும் போதும். பிறகு ஆங்கிலத்தில் சுருக்கிக்கொள்ளலாம். இப்படி இருபது பக்கம் வைத்திருக்கும் ஒருவர், அனுபவம் எங்கே என்ற கேள்விக்கு அந்தப் பக்கங்களை நீட்டலாம். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இது உதவும். தான் செய்த வேலையை விளக்கும்போது வாய் அவ்வளவாகத் திக்குவதில்லை.

தமிழிலேயே கற்க வழி இருக்கிறது. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் அதையொட்டி வளர்ந்த கணியம் அறக்கட்டளையும் லினக்ஸ், டேட்டாபேஸ், நிரலாக்கம் பற்றி எளிய தமிழில் இலவச மின்னூல்களை வெளியிட்டுவருகின்றன. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே இயங்குகிறது. விழுப்புரத்தில் 2013இல் தொடங்கிய குனு லினக்ஸ் பயனர் குழு இன்னும் நெருக்கமான முன்மாதிரி. பெரிய ஐடி நிறுவனம் எதுவும் இல்லாத, கிராமங்கள் சூழ்ந்த ஒரு மாவட்டத்தில், அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி மாணவர்களுக்குத் தன்னார்வலர்கள் கட்டணமில்லாமல் கற்றுத்தருகிறார்கள். நாகர்கோவிலைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் உள்ள குமரி மாவட்டத்தில் அப்படி ஒரு வாராந்தரக் கூடுகைக்கு மேசையும் நாற்காலியும் கிடைக்காதா என்ன?

சான்றிதழ் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் தேர்ந்து வாங்க வேண்டும். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. ஓடும் சர்வரைக் கொடுத்து, இதைச் செய், அதைச் சரிசெய் என்பார்கள். 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுக்க வேண்டும். சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்தபின் நீங்கள் செய்த மாற்றம் நிலைக்கவில்லை என்றால் அதற்கு மதிப்பெண் இல்லை. இப்படிப்பட்ட தேர்வுக்குத்தான் மரியாதை இருக்கிறது. வாரக் கடைசியில் நடத்தி, வந்திருந்தவர் அனைவருக்கும் வழங்கும் வண்ணச் சான்றிதழ்களை நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளையின் சான்றிதழுக்காக நகையை அடகு வைக்கப் புறப்படும் பெற்றோர், அந்தத் தேர்வு கையால் செய்து காட்டும் தேர்வா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கீழ்ப்படியின் மதிப்பு

துறைக்குள் நுழையும் முதல் படி பெரும்பாலும் சர்வர் அறையில் இருக்காது. ஹெல்ப் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட், எல்-1 என்று பெயர்கள். பாஸ்வேர்டு மறந்தவருக்கு மாற்றிக் கொடுப்பது, பிரின்டர் ஓடவில்லை என்ற டிக்கெட்டை முடிப்பது, சர்வர்களின் நிலையைத் திரையில் கவனித்துச் சிவப்பு விளக்கு எரிந்தால் மேலே உள்ளவரை எழுப்புவது. வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள் எடுத்துச் செய்கின்றன. தொடக்கச் சம்பளம் சிறியது. ஷிப்ட் மாறிமாறி வரும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் இரவுப் பணி நிச்சயம்.

இதை இழிவாகப் பார்ப்பவர்களுக்கு 2024 ஜூலை 19 பதில் சொல்லும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான ஃபைல் எது என்று சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரே ஸ்டார்ட் ஆகாதபோது தூரத்திலிருந்து எப்படிச் சரிசெய்வது? ஆள் நேரில் போய், ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழித்து, மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. அன்று உலகத்தை மறுபடி ஓடவைத்ததில் பெரும்பங்கு, மாதச் சம்பளத்தில் கடைசிப் படியில் இருக்கும் டெஸ்க்டாப் சப்போர்ட் ஆட்களுக்கு உரியது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது சுமார் இரண்டு வாரம் நோயாளிப் பதிவும் பரிசோதனை முடிவும் காகிதத்துக்குத் திரும்பின. நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால், குளச்சலிலும் தக்கலையிலும் உள்ள மருத்துவமனைகளில் பேக்அப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆள் தேவைப்படாத இடம் என்று எதுவுமே இல்லை.

பட்டம் இல்லாதவருக்கும் கதவுகள் திறந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐடிஐகளில் கோபா எனப்படும் ஓராண்டுப் பிரிவிலோ, கணினி மற்றும் தகவல்தொடர்பு அமைப்புகளைப் பராமரிக்கக் கற்றுத்தரும் ஈராண்டுப் பிரிவிலோ சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, வேலையும் கொடுக்கும் 'டெக்பீ' திட்டத்தை எச்சிஎல் 2017 முதல் நடத்துகிறது. தமிழகத்தில் 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளி மாணவர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 1.70 லட்சம் முதல் 2.20 லட்சம் வரை என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த சிவ நாடார் தொடங்கிய இந்த நிறுவனம், மற்றவர்களின் சர்வர்களையும் நெட்வொர்க்குகளையும் தூரத்திலிருந்து பராமரிப்பதையே ஒரு பெரிய தொழிலாக வளர்த்தது. தொண்ணூறுகளில் தேசியப் பங்குச் சந்தைக்குச் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க் அமைத்துக்கொடுத்த அனுபவம் அதற்கு அடித்தளம். சிஸ்டம் அட்மின் ஆக விரும்புபவருக்கு அங்கே கற்க நிறைய இருக்கும்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ இன்னொரு சான்று. ஸ்ரீதர் வேம்புவின் இந்த நிறுவனம் 2000களின் நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு தொடங்கிய பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து நிறுவனத்தில் சேர்த்துக்கொள்கிறது. ஜோஹோ குழுமத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு உலகெங்கும் உள்ள சிஸ்டம் அட்மின்களுக்காகவே மென்பொருள் தயாரிக்கிறது. நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஆப்மேனேஜர் அதில் ஒன்று. தமிழ்நாட்டில் எழுதப்படும் மென்பொருளைக் கொண்டு எங்கோ ஒரு நாட்டு அட்மின் தன் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

பொய்யும் புரளியும்

இந்தப் பாதையில் ஒரு குழி இருக்கிறது. பல பிள்ளைகள் அதில் விழுந்திருக்கிறார்கள். இரண்டாண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ் 'ரெடி பண்ணி' கொடுக்கிறோம், பணம் கட்டினால் பின்வாசல் வழியாக வேலை என்று சொல்லும் இடைத்தரகர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு. போலி நிறுவனப் பெயர், போலி சம்பளச் சீட்டு, விசாரிப்புக்குப் பதில் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் அவர்களிடம் தயார். இது இப்போது எளிதில் பிடிபடுகிறது. வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் கணக்கைப் பார்த்தாலே யார் எங்கே எத்தனை மாதம் வேலை செய்தார் என்பது தெரிந்துவிடும். ஐடி நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2006இல் தேசியத் திறன் பதிவேடு ஒன்றையும் தொடங்கியது. சேர்ந்து ஆறு மாதம் கழித்து உண்மை வெளிப்பட்டு வேலையிலிருந்து அனுப்பப்பட்டால், அடுத்த நிறுவனத்தின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பொய் சொல்லி ரூட் அதிகாரத்தை வாங்கியவரை எந்த நிறுவனமும் மறுபடி நம்பாது.

இன்னொன்று பயமுறுத்தல். கிளவுட் வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி சிஸ்டம் அட்மின் எதற்கு என்ற பேச்சு. கிளவுட் என்பது வேறொருவர் கட்டடத்தில் இருக்கும் சர்வர். அதையும் யாராவது அமைக்க வேண்டும், கண்காணிக்க வேண்டும், கட்டணம் எகிறாமல் காக்க வேண்டும். மாறியது வேலையின் பெயரும் கருவிகளும். கூகுள் 2003இலேயே இந்தப் பணியை 'சைட் ரிலையபிலிட்டி' என்ற புது வடிவத்துக்குக் கொண்டுபோனது. 2009இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் 'டெவ்ஆப்ஸ்' என்ற பெயர் பரவத் தொடங்கியது. நூறு சர்வரில் ஒவ்வொன்றாகச் செய்த வேலையை ஒரே ஸ்கிரிப்டில் செய்யப் பழகியவருக்கு இந்த மாற்றம் லாபம். பழகாமல் எல்-1 நாற்காலியிலேயே ஐந்து வருடம் உட்கார்ந்தவருக்கு ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. முதல் வேலை கிடைத்த பிறகும் வீட்டு லேப்டாப்பை மூடக் கூடாது என்பது அதனால்தான்.

எல்லைக்கு அப்பால்

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், வேலைக்கு முன்பே அனுபவம் தருவதற்கு ஒரு பெரிய முன்மாதிரி கண்முன்னே இருக்கிறது. கேரள அரசு 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் லேப் வந்தது. பராமரிக்க ஆள்? ஒவ்வொரு பள்ளியிலும் இருந்த ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து, லேபுக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். கணக்கு வாத்தியாரும் மலையாள டீச்சரும் லினக்ஸ் நிறுவக் கற்றார்கள். நெட்வொர்க் கேபிள் இழுத்தார்கள். முன்அனுபவம் ஒருவருக்கும் கிடையாது. பள்ளிகள் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2018 ஜனவரியில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் தொடங்கப்பட்டன. அதில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே ஹார்டுவேர் பராமரிப்பும் கற்கிறார்கள். பதினாலு வயதில் பள்ளி லேபின் பழுதைப் பார்த்த பிள்ளை, இருபத்திரண்டு வயதில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அனுபவம் இல்லாதவள் என்று எப்படிச் சொல்ல முடியும்? டெக்னோபார்க்கின் வாசலில் மண்டைக்காட்டுப் பிள்ளைக்கு அருகே நிற்பது அந்தப் பெண்தான்.

தமிழகத்தின் அரசுப் பள்ளிகளிலும் ஹைடெக் லேப்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் சர்வர், கம்ப்யூட்டர்கள், இணைய இணைப்பு, யுபிஎஸ் எல்லாம் உண்டு. சர்வர் அறைக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்த ஓர் அறைக்குள் இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐயும் அரசு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. 1961இல் வந்த அப்ரன்டிஸ் சட்டம், பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகையோடு வேலை பழக வழிசெய்கிறது. அந்த உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு 2016 முதல் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் ஏற்கிறது. பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சியைச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல வாரியம் கவனிக்கிறது. கோணத்தில் படித்து முடிக்கும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, குளச்சல் வட்டாரப் பள்ளிகளின் லேபுக்கு ஓராண்டு அப்ரன்டிஸாக அனுப்புவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட நிர்வாகமும் கல்வித் துறையும் வேலைவாய்ப்புத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பள்ளிக்குப் பழுது பார்க்க ஆள் கிடைக்கும். பிள்ளைக்கு அரசு முத்திரையோடு, யாரும் சந்தேகிக்க முடியாத ஓராண்டு அனுபவச் சான்று கிடைக்கும். அடுத்த ஐடிஐ சேர்க்கை தொடங்கும் முன் இந்த முடிவை எடுத்தால், இப்போது இறுதியாண்டில் இருக்கும் அணியே பள்ளி திறக்கும் வாரத்தில் லேபுக்குள் போய்விடலாம்.